பார் நேரத்தை நீட்டிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

குன்னூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள ஓட்டல் பாரை சீசன் முடியும் வரை நள்ளிரவைத் தாண்டியும் திறந்து வைக்க அனுமதி கேட்கப் போகிறார்களாம். சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், வியாபாரம் வேண்டும், சரி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மலையில் வீடுகள் படிப்படியாக ஒன்றின் தலைமேல் ஒன்றாக இருக்கின்றன, கீழே ஒருவர் கார் கதவைச் சாத்தினால் மேலே மூன்றாவது வரிசை வீட்டுப் படுக்கையறையில் கேட்கும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. இப்போதே பார் மூடிய பிறகு அரை மணி நேரம் வாசலில் நின்று பேசிச் சிரித்து, பைக்கை முறுக்கிவிட்டுத்தான் போகிறார்கள்.

அப்புறம் பாட்டில். 2022-லிருந்து நீலகிரியில் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கிடைக்கிறது, அதனால் சாலையோரம் கொஞ்சம் சுத்தமானது உண்மை. எங்கள் படிக்கட்டில் மட்டும் போன ஞாயிறு காலை உடைந்த கண்ணாடியை முறத்தில் அள்ளினேன்.

இருட்டில் கரடியும் காட்டெருமையும் நடமாடும் ஊர் இது. தள்ளாடி நடப்பவர் எதன்மேல் போய் மோதுவார் என்று யார் பார்ப்பது? அனுமதி தருவதற்கு முன் அதிகாரிகள் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரட்டும், டீ நான் போட்டுத் தருகிறேன்.

— ஒரு வாசகி, குன்னூர்