படங்கு தந்த அக்காவுக்கும் கூட நிண்ட எல்லாருக்கும்

பழைய காலத்து ஆக்களைப் புதைச்ச எங்கட மேடு, கிறவலுக்கு வெட்டுறதில இருந்து தப்பீட்டுது. நேற்றுப் பின்னேரம் ஜேசிபியை ஏத்திக்கொண்டு போனதைக் கண்ணால கண்டபிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நடந்தது எல்லாருக்கும் தெரியும், நான் நன்றி சொல்லத்தான் எழுதுறன்.

முதல்ல வயல்கரை அக்காவுக்கு. கிறவல் வெட்டின பக்கத்தில செத்தவையை வைச்சுப் புதைச்ச மண் தாழியின்ர வாய் வெளிய தெரிஞ்ச அண்டைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது, மண்ணுக்குள்ள ஈரத்தில ஊறிக்கிடந்த தாழி மழை அடிச்சா கரையும், உடன வெயில் பட்டாலும் வெடிச்சுக் கொட்டிப்போடும், மூட எங்களிட்ட ஒண்டும் இல்லை. அக்கா காயப்போட்டிருந்த நெல்லை அள்ளி விறாந்தையில கொட்டிப்போட்டுப் படங்கைத் தலையில வைச்சுத் தூக்கிக்கொண்டு வந்தா. யூஎன்எச்சிஆர் எண்ட நீல எழுத்து மங்கிப்போன படங்கு, 2009இல முகாமில அவையின்ர கூரையே அதுதான். தாழியில முட்டாமல் கம்பு நட்டு இழுத்துக் கட்டினதும் அவாதான். "மழைக்குள்ள அப்பிடியே கிடக்க விடேலாது தம்பி, அது ஆக்களெல்லே" எண்டா.

தொல்லியல் எண்டாலே காணி போயிடுமோ எண்டு பயப்பிடுற சனம் நாங்கள், அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. மேட்டோட ஒட்டின காணி அக்கான்ரதான். பயம் இருக்கெண்டு என்னட்டச் சொல்லிச் சொல்லித்தான் கம்பு நட்டவா.

கிராம சேவகர் (ஜீஎஸ்) ஐயா, இரவிரவா காவல் நிண்ட பெடியள், படமெடுத்து இடம் குறிச்சுத் தந்த கம்பஸ் பிள்ளையள், வெறும் டிப்பரோட திரும்பிப்போன டிரைவர் தம்பி, தேத்தண்ணி தந்த அம்மாக்கள், எல்லாருக்கும் நன்றி.

ஆனைக்கோட்டையில 1980இல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தோண்டி ஆராயேக்க எடுத்த, எழுத்துப் பொறிச்ச அந்தப் பழைய முத்திரை ஒரு எலும்புக்கூட்டுக்குப் பக்கத்திலதான் கிடந்தது. ஆரும் தனியாக் கிண்டி எடுத்திருந்தா அது ஈமக்குழிக்குள்ள இருந்த சாமான் எண்டே தெரிஞ்சிராது. எங்கட மேட்டிலயும் கறுப்பு-சிவப்பு ஓடு, மணி, இரும்புத்துண்டு எது கண்டாலும் கிடந்த இடத்திலயே விடுங்கோ, தயவுசெய்து வீட்டை கொண்டு போகாதேங்கோ.

1940ஆம் ஆண்டில இருந்து தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்குது, எண்டாலும் மேடு பாதுகாக்கிற இடமெண்டு வர்த்தமானியில வாறவரைக்கும் நான் கடிதம் எழுதுறதை விடமாட்டன். அக்கா, காணி உறுதியைப் போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கோ, எல்லை அளக்க வரேக்க நான் உங்களோட நிப்பன், உங்கட வேலிக்கு இங்கால ஒரு கட்டையும் நட விடமாட்டம்.