என் நடையைப் பார்த்துச் சொன்னவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

மதுரை டவுன் பஸ்ஸில் பத்தொன்பது வருடமாகக் கண்டக்டராக இருக்கிறேன். மாட்டுத்தாவணியில் ஏறி பெரியாரில் இறங்குகிறவர்களில் பல பேருக்கு என் முகம் பழக்கம். இரண்டு வருடமாக முகத்தைச் சுளித்துக்கொண்டே டிக்கெட் கொடுத்த ஆள் நான்தான். சில்லறை இல்லாததற்குச் சுளித்தேன் என்று நினைத்திருந்தால் மன்னித்துவிடுங்கள். வலது முட்டியில் வலி. போகப் போக இடுப்பும் பிடித்துக்கொண்டது.

இப்போது முக்கால்வாசி வலி போய்விட்டது. அதற்குக் காரணமானவர்களிடம் நேரில் நன்றி சொன்னால் "அட விடுங்கண்ணே" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நன்றி, டிப்போ வாசலில் செருப்புத் தைக்கும் அண்ணனுக்கு. நன்றியோடு ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. இரண்டு வருடம் முன்பே என் வலது செருப்பைத் திருப்பிப் பிடித்து, கட்டைவிரலுக்குக் கீழே உள்பக்கம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்த இடத்தைத் தடவிக் காட்டினீர்கள். "இடது சும்மாத்தான் கெடக்கு. வலது மட்டும் உள்பக்கமாத் தேயுது. மூணாவது ஜோடி சார் இது. காலை யார்கிட்டயாவது காமிங்க" என்றீர்கள். செருப்பு மட்டம் என்று சொல்லிவிட்டு, தைத்த கூலியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நான் போன இடங்களில் முட்டியைப் படம் எடுத்தார்கள், இடுப்பைப் படம் எடுத்தார்கள். தேய்மானம் என்றார்கள். பெல்ட் போட்டேன், மாத்திரை தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம். படுக்க வைத்துப் பார்த்தார்கள், உட்கார வைத்துப் பார்த்தார்கள். "எழுந்து நடங்க, பாக்குறேன்" என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அதைச் சொன்ன பிசியோ மேடத்திடம் என்னைத் தள்ளிவிட்டவர் எங்கள் டிரைவர் அண்ணன். அவருக்கு எதிரே இருக்கிற கண்ணாடியில் நாள் முழுக்க நான்தான் தெரிகிறேன். "நீ டிக்கெட் போடும்போது வலது கால்ல வெயிட்டே குடுக்க மாட்டேங்குற. கம்பியில தொங்கிக்கிட்டே ஓட்டுற" என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கண்ணே என்றேன். அவர் விடவில்லை, அவரே நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

மேடத்துக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய. மரத்துப் போகிறதா, ராத்திரி தூக்கத்தில் வலித்து எழுப்புகிறதா, காய்ச்சல் உண்டா, ஒன்றுக்கு ரெண்டுக்குப் போவதில் சிரமம் உண்டா என்று முதலில் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்ற பிறகுதான் நடக்கச் சொன்னார். துணைக்கு வந்த என் மகளிடம் செல்போனைக் கொடுத்து ஸ்லோ மோஷனில் வீடியோ எடுக்கச் சொன்னார். தன் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். ஸ்டிக்கர் பொட்டு! இடுப்புக்குப் பின்னால் இரண்டு குழி இருக்கிறதே, அங்கே ஒவ்வொன்று, முட்டிக்குப் பின்னால் ஒவ்வொன்று, குதிகாலில் மேலும் கீழுமாக இரண்டிரண்டு. பெரிய ஆய்வுக்கூடங்களில் பளபளக்கும் சின்ன உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்து, தரையில் அழுத்தத்தை அளக்கும் தகடு பதித்துப் பார்ப்பார்களாம். நம் ஊருக்குப் பொட்டு போதும் என்றார்.

அரை டிரவுசரோடு பொட்டு வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். "அப்பா, விறைப்பா நடக்காத, சும்மா நட" என்றாள் மகள். சும்மா நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறாவது நடையில்தான் அவள் "இதுதான் அப்பா" என்றாள். மேடம் அந்த வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டார். அதற்காகவே அவளுக்குத் தனியாக ஒரு நன்றி.

நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக என் நடையை நான் பார்த்தேன். யாரோ ஒரு வயசாளி போகிற மாதிரி இருந்தது. இடது பாதம் நேராகப் போகிறது, வலது பாதம் வெளியே திரும்பிக்கொள்கிறது. இடது கால் முன்னே வந்து சேரும் முன்பே வலது குதிகால் அவசரமாகத் தூக்கிக்கொள்கிறது. முட்டி உள்பக்கம் சரிகிறது. வலது காலில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் இடுப்பின் இடதுபக்கப் பொட்டு தராசுத் தட்டு மாதிரி கீழே இறங்குகிறது. இடுப்பைத் தாங்கும் தசை பலம் குறைந்தால் எதிர்ப்பக்கம் இப்படி இறங்கும் என்று ட்ரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895லேயே எழுதி வைத்திருக்கிறாராம்.

அப்புறம் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தார். குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும், பெருவிரல் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்க முடிகிறது என்பது கணக்கு. இடது 11 சென்டிமீட்டர். வலது 4. "இந்தக் கணுக்காலுக்கு என்ன ஆச்சு சார்?" என்றார்.

அதுவரை என்னை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. 2016 தீபாவளி நெரிசலில் படியிலிருந்து இறங்கும்போது கணுக்கால் எலும்பு விரிசல் விட்டு, ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தேன். கட்டைப் பிரித்த அன்றோடு வைத்தியம் முடிந்தது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பயிற்சிக்கு வரச் சொன்னார்கள், போகவில்லை.

நடக்கும்போது சுமார் 60 சதவீத நேரம் ஒவ்வொரு காலும் தரையில் இருக்கும், மீதி நேரம் காற்றில். தரையில் இருக்கும்போது உடம்பு அந்தப் பாதத்தைத் தாண்டிப் போக வேண்டும், அதற்குக் கணுக்கால் சுமார் 10 டிகிரி மடங்க வேண்டும் என்றார் மேடம். என்னுடையது மடங்கவில்லை. கீல் துருப்பிடித்தால் கதவையே தூக்கி நகர்த்துவோமே, அதைத்தான் என் முட்டியும் இடுப்பும் இத்தனை வருடம் செய்திருக்கின்றன. கோணலாக நடக்கிற எல்லோருக்கும் வலி வராது, நேராக நடக்கிறவர்களுக்கும் வலி வரும், உங்கள் விஷயத்தில் இது பொருந்துகிறது, முயற்சி செய்து பார்ப்போம் என்று அவர் சொன்ன விதம்தான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

வைத்தியம் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையும் மாலையும் சுவரில் முட்டி தொடுவது, படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, சைக்கிள் ட்யூபை வெட்டிக் கால்களில் மாட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடப்பது, பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. தோள்பையை டிரிப்புக்கு டிரிப் மாற்றிப் போடுவது. முதல் இரண்டு மாதத்துக்கு இரண்டு செருப்பிலும் குதிகாலுக்கடியில் 6 மில்லிமீட்டர் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார்) என்கிற மெத்தென்ற ரப்பர் ஒட்டச் சொன்னார். ஒட்டிக் கொடுத்தவர் அதே செருப்பு அண்ணன், "அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ரப்பருக்கும் ஒரு கதை உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும், தொழுநோயாளிகளின் பாதத்தில் புண் வராமல் இருக்க வேலூரில் வழி தேடிய காலத்தில் வந்த செருப்பு ரப்பர் அது. அழுத்தத்தை ஓரிடத்தில் குவிய விடாமல் பரப்பும்.

ஒரு மாதம் லைட் டியூட்டி கொடுத்த டிப்போ அதிகாரிகளுக்கும் என் டிரிப்பை ஏற்றுக்கொண்ட தோழர்களுக்கும் நன்றி. டிரைவர் அண்ணன் இன்னும் கண்ணாடியில் பார்க்கிறார். நான் கம்பியில் சாய்ந்தால் ஹாரனை லேசாக ஒரு தட்டு தட்டுகிறார். எதிரே ஒரு வண்டியும் இருக்காது. ஜனங்கள் குழம்பிப் போகிறார்கள்.

வீட்டுக்காரிக்கு இங்கே நன்றி சொன்னால் சிரிப்பாள், இருந்தாலும் சொல்கிறேன். மாடிப்படியில் என் கால் சத்தம் சமமாக இல்லை என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். போன மாதம் இரவு டியூட்டி முடிந்து படியேறும்போது உள்ளேயிருந்து "யாரது?" என்றாள்.

அந்தச் சுவர்க் கணக்கில் வலது கால் இப்போது 8.5 சென்டிமீட்டர். கூட்ட நாளில் கடைசி டிரிப்புக்கு இன்னும் முட்டி கொஞ்சம் முனகுகிறது. செருப்பு அண்ணே, புது ஜோடி வாங்கி மூன்று மாதம் ஆகப்போகிறது. பொங்கல் கழித்துக் கொண்டுவருகிறேன். திருப்பிப் பார்த்துச் சொல்லுங்கள்.