பெங்களூரா, இன்னும் ரெண்டு நாள் ஆவும்

காவேரிப்பட்டணம்

அன்புள்ள கயலுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. "ஆயாவுக்கு ஒண்ணும் பண்ண முடியலப்பா. எலிய வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம்? விட்டுட்டு வந்துடறேன்" என்றாய். எலிகளை வைத்து மூப்பைப் பற்றி நீ செய்கிற ஆராய்ச்சியைத்தான் சொன்னாய். அப்போது எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று மாந்தோப்பில் முதல் பறிப்பு. ஒரு காயைக் கொண்டுவந்து ஆயா கையில் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டது. பெற்ற பிள்ளையை. அப்புறம் காயைத் திருப்பி, காம்புப் பக்கம் மோந்து, கட்டைவிரலால் லேசாக அமுக்கி, "பெங்களூரா. இன்னும் ரெண்டு நாள் ஆவும், வைக்கோல்ல வை" என்றது. மாங்காய் ரகத்தின் பேர்கூடத் தப்பவில்லை. ஐம்பது வருஷம் மாங்காய் தரம் பிரித்த கை. எங்கள் எல்லார் பேரும் போய்விட்டது, கைக்கு மட்டும் மறக்கவில்லை.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன் கண்ணு. போன வருஷம் ஒருத்தர், மூளை நரம்பைப் புதுப்பிக்கும், வயசைக் குறைக்கும் என்று சொல்லி விற்ற கேப்சூலை வாங்கி ஆயாவுக்கு ஆறு மாதம் கொடுத்தேன். இரண்டு டன் மாங்காய்க் காசு போச்சு. ஒரு பலனும் இல்லை. தெரியாமல் வாங்கவில்லை, ஆசையில் வாங்கினேன். நிஜ மருந்து வந்து சேராத இடத்தில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

விஞ்ஞானி சுரேந்திர நாத் சேகல் கதையை எனக்குச் சொன்னதே நீதானே. 1964-ல் ஈஸ்டர் தீவில் எடுத்த மண், அதில் இருந்த பாக்டீரியா, அதிலிருந்து அவர் பிரித்த ராபமைசின் என்ற பொருள். கம்பெனி ஆய்வகத்தை மூடி வேலையை நிறுத்தியபோதும் வீட்டு ஃப்ரீசரில் வைத்து அதைக் காப்பாற்றினார். 1999-ல் அது சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கு மருந்தானது. 2003-ல் அவர் போய்விட்டார். 2009-ல்தான் அது எலிகளின் ஆயுளை நீட்டுகிறது என்று தெரிந்தது: ஆணுக்கு 9 சதவீதம், பெண்ணுக்கு 14. மருந்து தொடங்கியபோது அந்த எலிகளுக்கு 600 நாள் வயசு, மனுஷக் கணக்கில் அறுபது என்றாய். என் வயசு. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு தோப்பைச் சுற்றி வந்தேன்.

செல்லுக்குள் எம்டார் என்ற புரதம் "வளர், வளர்" என்று விரட்டிக்கொண்டே இருக்கும், அதை ராபமைசின் அடக்கினால் செல் தன் பழைய குப்பையைத் தானே தின்று சுத்தம் செய்துகொள்ளும் என்று விளக்கினாயே, எனக்குக் கவாத்துதான் ஞாபகம் வந்தது. காய்ப்பு முடிந்ததும் உள்கிளையையும் காய்ந்த குச்சியையும் கழித்துவிட்டால் கிழ மரமும் தையில் பூ எடுக்கும். மனுஷனுக்கு அந்த மருந்து ஆயுளை நீட்டும் என்று இன்னும் நிரூபணம் இல்லை, நோய் எதிர்ப்பையும் குறைக்கும். நான் தொட மாட்டேன், பயப்படாதே. அதையெல்லாம் சோதித்துச் சொல்லத்தானே உன்னைப் போன்றவர்கள் வேண்டும்.

ஆயாவுக்கு 84. இன்னும் பத்து வருஷம் கொடு என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. இருக்கிற நாளில் என் பேர் அதற்குத் தெரிந்திருந்தால் போதும் என்றுதான் கேட்டேன். அதற்கு நேரம் தாண்டிவிட்டது, எனக்கும் தெரியும். அந்தப் பாரத்தை நீ தலையில் ஏற்றிக்கொள்ளாதே. எலிகளை விட்டுவிட்டு மட்டும் வந்துவிடாதே, பாப்பா.

பெங்களூரு பஸ்ஸில் ஒரு பெட்டி போட்டு விடுகிறேன். ஆயா தொட்ட காயைத் தனியாகப் பேப்பரில் சுற்றி மேலாக வைத்திருக்கிறேன். அது சொன்ன ரெண்டு நாள் ஆன பிறகு வெட்டு.

அப்பா