குவேசார் பக்கத்து எட்டு ஃபோட்டான்கள்

அன்புள்ள குமார்,

உன் கடிதமும் சந்திரா எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கியின் படமும் வந்து சேர்ந்தன. செம்பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு) 4-இல் இருக்கும் குவேசாருக்கு, அதாவது பெருங்கருந்துளையால் ஒளிரும் தொலைதூர விண்மீன்மண்டல மையத்துக்கு, 2.5 ஆர்க்செகண்டு (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க்செகண்டு) தள்ளி எட்டு ஃபோட்டான் விழுந்திருக்கிறது, மையத்திலிருந்து பீறிடும் துகள் தாரையான ஜெட் என்று எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம் பொறு.

அங்கே ஜெட் தெரிவதில் ஆச்சரியமில்லை. ஜெட்டின் எலக்ட்ரான்கள், பெருவெடிப்பின் மிச்ச ஒளியான பிரபஞ்சப் பின்னணி நுண்ணலைகளில் மோதி, அவற்றை எக்ஸ்-கதிர்களாக ஏற்றிவிடும். செம்பெயர்ச்சி 4 என்றால் அந்தப் பின்னணியின் ஆற்றல் அடர்த்தி இன்றைக்குள்ளதைப் போல 625 மடங்கு. தூரத்தால் பரப்பொளி (வானின் ஒரே அளவு பரப்பிலிருந்து வரும் ஒளி) மங்குவதும் அதே 625 மடங்கு. வரவும் செலவும் சரியாகிவிடும். ரேடியோவுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2003-இல் ஜிபி 1508+5714 என்ற குவேசார் அருகே கண்ட ஜெட்டுக்குச் சொன்ன விளக்கமும் இதுதான். 1999-இல் சந்திரா முதன்முதலில் குவியம் பார்த்த பிகேஎஸ் 0637-752 என்ற குவேசாரின் ஜெட்டுக்கும் இதையே சொன்னார்கள். ஆனால் அது சரியென்றால் ஃபெர்மி விண்தொலைநோக்கி பார்த்திருக்க வேண்டிய காமாக் கதிர் வரவில்லை. அதுபோல நமக்குக் கிட்டே உள்ள ஜெட்டுகளுக்கு இந்த விளக்கத்தை நான் நம்புவதில்லை. உன்னுடையதற்குப் பொருந்தும்.

இனி உன் எட்டுக்கு வருவோம். ஜெட் இல்லாமலேயே அங்கே விழக்கூடிய பின்னணி ஃபோட்டான்களின் எண்ணிக்கையை வெற்று வானத்திலிருந்து எடுத்திருக்கிறாய், அது தப்பு. அந்தத் தூரத்தில் குவேசாரின் சிதறல் ஒளிதான் அதிகம். அதே 2.5 ஆர்க்செகண்டு ஆரத்தில் ஒரு வளையம் போட்டு, ஜெட் பக்கத்தையும், கேமரா சில்லான சிசிடியின் வாசிப்பின்போது விழும் நீளக் கோட்டையும் வெட்டிவிட்டு எண்ணு. எட்டும் விழுந்த வட்டத்தின் அளவுக்கு 1.2 வருகிறது என்று வை. எட்டிலிருந்து அதைக் கழித்து, அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 6 சிக்மா (தற்செயலிலிருந்து எவ்வளவு விலகியது என்பதன் அளவு) என்று பிரமாதமாகக் காட்டும். சிறு எண்ணிக்கைகளுக்கு உரிய பாய்சான் கணக்கில், தற்செயலாக அப்படி நேரும் வாய்ப்பு லட்சத்தில் நாலு, அதாவது 4 சிக்மாதான். வளையத்தில் அதே அளவு வட்டங்கள் எட்டு அடங்கும்; எங்கே வந்திருந்தாலும் ஜெட் என்றுதானே சொல்லியிருப்பாய்? அந்த வாய்ப்பை எட்டால் பெருக்கு. நிறமாலைக்கும், நிறைய ஃபோட்டான் இருந்தால்தான் சரிவரும் கை-வர்க்கச் சோதனை வேண்டாம், குறைந்த எண்ணிக்கைக்கு உரிய கேஷ் புள்ளியியலே போதும்.

மையத்துக்கு 0.8 ஆர்க்செகண்டில் ஒரு கொக்கி போல ஒளி தெரிந்தால் அதைத் தொடாதே. அது தொலைநோக்கி ஆடியின் கோளாறு, மொத்த ஒளியில் ஏறத்தாழ 5 சதவீதம் அங்கே போகும். விண்கலம் உருண்டால் வானில் அதுவும் கூடவே உருளும். நிஜ ஜெட் நின்ற இடத்தில் நிற்கும்.

மையத்தின் நிறமாலையில் அதிக உட்கவர்ச்சி (வழியில் ஒளி விழுங்கப்படுவது) தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். கருவியின் வடிகட்டி மேல் வருடக்கணக்காகப் படிந்துவரும் அழுக்கு, 1 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே ஒளியைத் தின்கிறது. பழைய அளவுத்திருத்தக் கோப்போடு பொருத்தினால் அந்த அழுக்கு குவேசாரின் வாயுவாகத் தெரியும். புதியதைப் போட்டு மறுபடி பொருத்து. ஃபோட்டான் குவியல் பற்றிக் கவலை வேண்டாம், 3.2 விநாடிச் சட்டத்தில் இரண்டு ஃபோட்டான் ஒரே இடத்தில் விழுமளவுக்கு உன் குவேசார் பிரகாசமானதல்ல.

கொக்கியா ஜெட்டா என்று பார்க்க, உன் இரண்டு பதிவுகளின் ரோல் கோணங்களையும் (விண்கலம் உருண்டிருந்த கோணம்) எழுதி அனுப்பு.

அன்புடன்,
மணி