சரளை சரளையாகவே இருக்கட்டும்: மலைப்பாதைகளின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

மலைப்பகுதிகளில் வாகனம் ஓடாத பாதைகள் பல உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. வெட்டிய மரத்தை இறக்குவதற்காகக் காட்டுக்குள் போட்ட சரளை வழிகள், அணைக்கும் கால்வாய்க்கும் பணியாளர்கள் போய்வர அமைத்த வழிகள், ரயில் நின்றபின் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த தடங்கள், படைகளுக்காக முகட்டில் வெட்டிப் பிறகு கைவிட்ட சாலைகள் என்று அவை பலவகைப்பட்டவை. போட்டவர்களின் தேவை முடிந்துவிட்டது. பாதை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அப்படி மிஞ்சிய பாதைகளில் பல ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டிவருகிறேன். அந்த அனுபவத்தை வைத்தே இந்த மடலை எழுதுகிறேன். என் வேண்டுகோள் இதுதான்: அவற்றின் மேல் தார் போடாதீர்கள், மோட்டார் வாகனங்களுக்குத் திறந்துவிடாதீர்கள், அதே கையோடு சைக்கிளில் வருபவரையும் நடந்து வருபவரையும் வெளியே நிறுத்திப் பூட்டிவிடாதீர்கள்.

மலையில் நெடுஞ்சாலை என்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் இரண்டு வண்டிகள் உரசாமல் விலகுமளவுக்கு அகலம். லாரியும் பேருந்தும் சுற்றுலாக் காரும் அதில்தான் போகவேண்டும். ஏற்றத்தில் மணிக்கு 7, 8 கி.மீ. வேகத்தில் மூச்சு வாங்க மிதிப்பவருக்கு அங்கே ஒதுங்க இடம் கிடையாது. ஒருமுறை கொண்டை ஊசி வளைவொன்றில் என்னை முந்திய லாரியின் பக்கக் கண்ணாடி என் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. ஓட்டுநரைக் குறை சொல்ல மாட்டேன். எதிரே பேருந்து வந்துவிட்டதால் அவருக்கும் வேறு வழியில்லை. அன்று மாலை அதே மலையின் மறுசரிவில் ஒரு வனப்பாதை வழியாக இறங்கினேன். டயருக்கடியில் சிறுகற்கள் நெரியும் ஓசையையும் எங்கோ கீழே ஓடும் நீரோசையையும் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை. ஒரே மலை, ஒரே உயரம், ஒரே நாள். ஒன்றில் உயிர்ப் பயம், மற்றொன்றில் அப்படி எதுவுமே இல்லை.

முன்பெல்லாம் இத்தகைய பாதைகளுக்குக் கனமான மலைச் சைக்கிள்தான் வேண்டியிருந்தது. கிராவல் சைக்கிள் என்று இப்போது சொல்லப்படுவது, பந்தயச் சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடியும், 40 முதல் 50 மி.மீ. வரை அகலமுள்ள டயரும், செங்குத்தான ஏற்றத்தையும் உட்கார்ந்தபடியே மிதிக்க உதவும் இலகுவான கியர்களும் கொண்டது. டியூப் இல்லாத அந்த டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினால் கற்களின் அதிர்வு உள்ளங்கைக்கு ஏறுவது பெருமளவு குறைகிறது. இதனால் இந்த வழிகளுக்கு வருகிறவர்கள் சாகசக்காரர்கள் மட்டும் அல்லர் என்றாகிவிட்டது. அறுபதைக் கடந்தவர்களையும், பின்னால் சிறு இழுவண்டியில் குழந்தையை உட்காரவைத்து ஓட்டும் பெற்றோரையும் இப்பாதைகளில் பார்த்திருக்கிறேன். இவர்களில் யாரும் அந்த ஒற்றை நெடுஞ்சாலையில் இறங்கத் துணிய மாட்டார்கள்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று நீங்கள் ஐயுற்றால் நார்வேயைப் பாருங்கள். 1909இல் திறக்கப்பட்ட பெர்கன் ரயில் பாதையை அமைப்பதற்காக மலைமேல் ஒரு சரளைச் சாலை போடப்பட்டது. வேலை முடிந்ததும் அதற்குப் பயனில்லாமல் போயிற்று. 1974இல் அது சைக்கிள் பாதையானது. ரயில் பாதை போட்ட கூலித் தொழிலாளர்களின் பெயரால் ரல்லார்வேகன் என்றே இன்றும் அழைக்கப்படும் அந்த வழி, 1,343 மீட்டர் உயரம் வரை ஏறி, சுமார் 80 கி.மீ. கடந்து, கடைசியில் கடல் மட்டத்தில் ஒரு ஃபியோர்டின், அதாவது மலைகளுக்கிடையே நீண்டு நுழையும் ஒடுங்கிய கடற்கூம்பின், கரைக்கு இறங்குகிறது. வழியிலுள்ள ஃபின்சே என்ற ஊருக்குப் பொது மோட்டார் சாலையே இல்லை. ரயிலில் சைக்கிளை ஏற்றிவந்து அங்கே இறங்கி மிதிக்கிறார்கள். அந்தச் சாலையை யாரும் புதிதாகப் போடவில்லை. இருந்ததைக் காப்பாற்றினார்கள், அவ்வளவுதான்.

தார் வேண்டாம் என்று நான் சொல்வது பழமை மீதுள்ள ஆசையால் அல்ல. தார் விழுந்த பாதையில் வாகனம் வராமல் தடுப்பது மிகக் கடினம். மக்களும் கேட்பார்கள், வரைபடங்களும் காட்டும், நாலைந்து ஆண்டுகளில் அது இன்னொரு குறுக்குச் சாலையாகிவிடும். சரளையோ தானாகவே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. இத்தாலியின் பீட்மான்ட் பகுதியில் அசியெட்டா என்ற பழைய இராணுவச் சாலை 2,000 மீட்டருக்கு மேலே முகட்டோடு முகடாகச் சரளையாகவே போகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் பகல் வேளையில் அதில் மோட்டார் வாகனங்களை விடுவதில்லை. அதையடுத்துள்ள ஃபினெஸ்த்ரே கணவாயின் கடைசி 8 கி.மீ. தார் காணாதது. ஜீரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயம் 2005இல் முதன்முறையாக அந்தச் சரளையிலேயே ஏறியது. அன்றிலிருந்து அந்தக் கணவாயின் புகழே அதன் சரளைதான். முழுநேரமும் மூட முடியாத பாதைகளுக்கு இந்த வாரம் இருநாள் ஏற்பாடாவது நல்ல தொடக்கமாக இருக்கும்.

அடுத்து, கேட். ஒரு வனப்பாதையில் 7 கி.மீ. ஏறிய பிறகு, ஒரு வளைவில், இரு பக்கமும் முள்கம்பி வேலியோடு பூட்டிய இரும்புக் கேட் ஒன்று எதிர்ப்பட்டது. அடிவாரத்தில் எந்த அறிவிப்பும் இல்லை. கேட்டில் தொங்கிய பலகையில் ‘வாகனங்களுக்கு அனுமதி இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தது. சைக்கிள் அந்த வாகனங்களுள் சேர்த்தியா, இல்லையா? பின்னர் அந்தப் பகுதியின் அலுவலகத்தில் கேட்டபோது அங்கிருந்தவர்களுக்கும் தெரியவில்லை. பைகளை அவிழ்த்து, சைக்கிளைத் தூக்கி மறுபக்கம் போட்டிருக்கலாம். ஆனால் விதி தெரியாத இடத்தில் அத்துமீற மனம் வரவில்லை. திரும்பி இறங்கினேன். மிச்சமிருந்த ஒரே வழி, மாலை நேரத்து நெடுஞ்சாலை.

அந்தப் பலகையில் இன்னும் ஒரு சொல்லை எழுதியிருந்தால் போதும்: ‘மோட்டார்’ வாகனங்களுக்கு அனுமதி இல்லை. கேட்டின் ஓரத்தில் 1.2 மீட்டர் இடைவெளி விட்டால் பை கட்டிய சைக்கிளும் குழந்தை இழுவண்டியும் தாராளமாக நுழையும், கார் நுழையாது. மோட்டார் பைக் நுழையுமே என்பீர்கள். உண்மைதான்; அதற்குக் காவலும் அபராதமும் தேவைப்படும், கம்பியால் மட்டும் ஆகாது. ஆனால் அதைக் காரணம் காட்டி எல்லோரையும் நிறுத்துவது நியாயமாகப் படவில்லை. இடைவெளியின் ஓரத்தில் நடும் தூண் இறக்கத்து வளைவில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு வெள்ளைப் பூச்சும் ஒளி காட்டும் பட்டையும் வேண்டும்.

சைக்கிள் பாதையைக் கெடுக்கும் என்ற பேச்சையும் கேட்டிருக்கிறேன். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடத்திய பெரிய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் வகுத்துக்கொண்ட கணக்குப்படி, சாலைக்கு நேரும் சேதம் அச்சின் மேலுள்ள பாரத்தின் நான்காம் அடுக்கோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது; அதாவது பாரம் இரட்டித்தால் சேதம் 16 மடங்காகும். மரம் ஏற்றிய லாரியின் ஓர் அச்சு 10 டன் தாங்கினால், சைக்கிளின் ஒரு சக்கரம் தாங்குவது சுமார் 50 கிலோ. பாரம் 200 மடங்கு என்றால் சேதம் 160 கோடி மடங்கு. அந்தக் கணக்கு தளமிட்ட சாலைகளுக்கு உரியது, சரளைக்கு அப்படியே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; இருந்தாலும் வித்தியாசத்தின் அளவு அதிலிருந்து விளங்கும். சரளைச் சாலையில் துணி துவைக்கும் பலகை போல வரிவரியாக எழும் மேடுபள்ளங்களும் மோட்டார் வாகனங்களின் வேகத்தால் உண்டாகின்றவையே.

பாதையை உண்மையில் கெடுப்பது தண்ணீர். இதை விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் இடம் இதுவே. பெருமழைக்கு மறுநாள் ஒரு பாதையில் போனேன். சாலைக்குக் கீழே புதைத்த வடிகுழாயின் வாயில் இரண்டு காய்ந்த கிளைகள் சிக்கியிருந்தன. அவற்றின் மேல் இலை படிந்து, இலையின் மேல் மண் படிந்து, வாய் முழுவதும் அடைபட்டிருந்தது. குழாய்க்குள் போகவேண்டிய நீர் சாலைமேல் ஏறி, இறக்கத்தின் நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்காலை அறுத்துவிட்டிருந்தது. கிளைகளைக் கையால் இழுத்து, காலணியால் உதைத்து அடைப்பை எடுக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அறுந்த சாலையைச் சரிசெய்ய லாரி லாரியாக ஜல்லி வேண்டியிருக்கும். மழைக்கு முன் ஓர் ஆள் மண்வெட்டியோடு நடந்து வந்திருந்தால் அந்தச் செலவு இல்லை.

அமெரிக்காவின் அக்கேடியா தேசியப் பூங்காவில் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் என்ற செல்வந்தர் 1913 முதல் 1940 வரை குதிரை வண்டிகளுக்காக உடைகல் சாலைகள் அமைத்தார். மோட்டார் வாகனம் நுழையக்கூடாது என்பது தொடக்கத்திலிருந்தே அவற்றின் விதி. நடு மேடாக, இரு ஓரமும் சரிவாக, பக்கத்தில் வடிகாலோடு, அடுக்கடுக்காகக் கல் பரப்பிப் போட்ட அந்தச் சாலைகளே பிற்காலத்தில் கவனிப்பின்றி வடிகால் அடைபட்டு, செடி மூடி, அரித்துப் போயின. 1992 முதல் 1995 வரை அவற்றைச் சீரமைக்க வேண்டியதாயிற்று. இன்று சுமார் 72 கி.மீ. நீளத்துக்குச் சைக்கிளும் குதிரையும் நடப்பவரும் அதில் போகிறார்கள். செலவைப் பாராமல் போட்ட சாலைக்கே அந்தக் கதி என்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டாம். சரளை கொட்டும்போது ஆற்றுக் கூழாங்கல்லைத் தவிர்த்து உடைத்த கல்லைக் கொட்டுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடிக்காது. இறக்கத்தில் பிரேக் அழுத்தியதும் முன் சக்கரம் சறுக்கும். கூர்முனையுள்ள கல், இடுக்கை நிரப்பும் பொடியோடு சேர்ந்து உருளையால் அமுக்கப்பட்டால் இறுகி நிற்கும்.

விலங்குகளுக்காகவும் மரவெட்டு வேலைக்காகவும் பாதையை மூடவேண்டிய நாட்கள் உண்டு, அதை எதிர்க்கவில்லை. ஸ்பெயினில் ஓடத் தொடங்காமலே கைவிடப்பட்ட ரயில் தடமொன்று 30 சுரங்கங்களோடு 36 கி.மீ. நீளத்துக்கு, நடப்பவருக்கும் சைக்கிளுக்குமான பசுமைவழியாக இன்று இருக்கிறது. சாஃப்ராமகோன் என்ற இடத்தில் பாறுக் கழுகுகள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் பாறையை ஒட்டியே அது போகிறது. பழைய ரயில் நிலையக் கட்டிடம் பறவை நோக்கும் மையமாகியிருக்கிறது. பாதையும் பறவையும் சேர்ந்திருக்க முடியும். மூடும் நாளையும் திறக்கும் நாளையும் அடிவாரத்திலேயே எழுதி வையுங்கள் என்பதே என் கோரிக்கை. சட்டமும் இதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஆஸ்திரியாவின் 1975ஆம் ஆண்டு வனச்சட்டம் காட்டில் நடக்க எல்லோருக்கும் உரிமை தருகிறது, சைக்கிளுக்கோ வனப்பாதையிலும் அனுமதி கேட்கச் சொல்கிறது. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும்வரை, மோட்டார் இல்லாத பயணத்துக்குப் பொது உரிமை தருகிறது. இரண்டாவது வழியே சரி என்று நம்புகிறேன்.

எங்கள் பக்கத்துக் கடமைகளை நாங்கள் அறிவோம். நடப்பவரைக் கண்டால் வேகம் குறைத்து மணியடித்து வழி கேட்போம். குதிரைக்கும் மாட்டுக்கும் நின்று வழிவிடுவோம். நனைந்து இளகிய பாதையில் தடம் பதிய ஓட்ட மாட்டோம். இருட்டும் முன் காட்டைவிட்டு இறங்கிவிடுவோம். வடிகால் துப்புரவு நாள் ஒன்றை நீங்கள் அறிவித்தால் மண்வெட்டியோடு வந்து நிற்போம்.

இந்த ஆண்டு மழை தொடங்கும் முன் உங்கள் பொறுப்பிலுள்ள பாதைகளுள் ஏதேனும் ஒன்றை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனை வடிகுழாய்கள் அடைபட்டிருக்கின்றன, எத்தனை கேட்டுகளில் ஒரு சைக்கிள் நுழைய இடமிருக்கிறது என்று மட்டும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு எங்களை அழைத்தால், அடுத்த வாரமே வேலையைத் தொடங்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டும் ஒருவர்