பழைய சீட்டுக்கு மாத்திரை

ஆசிரியருக்கு,

பத்தாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளுக்கு மனச்சோர்வு என்று டாக்டர் ஃப்ளூக்ஸெடின் எழுதிக் கொடுத்து, இரண்டே வாரத்தில் மறுபடி வரச் சொன்னார். பரீட்சை நேரம் என்று நாங்கள் போகவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு மருந்துக்கடையில் அதே சீட்டை நீட்டியே மூன்று மாதம் வாங்கினோம். கடைக்காரர் தேதியைக்கூடப் பார்க்கவில்லை. சரி, தப்பு எங்கள் மேலும்தான்.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. 8 வயது முதல் மனச்சோர்வுக்குக் கொடுக்க அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த மருந்துதான் அது. ஆனால் 2004இல் அதே எஃப்.டி.ஏ.தான் மனச்சோர்வு மருந்துகளுக்குக் கடும் எச்சரிக்கையும் விடுத்தது. சிறுவர்களிடம் நடந்த ஆய்வுகளில், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 2 பேருக்கும் மருந்து எடுத்தவர்களில் 4 பேருக்கும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ காணப்பட்டது. அந்த ஆய்வுகளில் யாரும் தற்கொலையால் இறக்கவில்லை. முதல் சில வாரம் பிள்ளையைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கச் சொல்வது இதனால்தான். அப்புறம், இதைப் படித்துப் பயந்து மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் கெடுதல்.

மருந்து கொடுத்ததும் கடைக்காரர் சீட்டில் தேதி முத்திரை குத்த வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வடசென்னைக் கடைகளில் இதைக் கண்டிப்பாகச் சோதிக்குமா?

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை