வேலைக்கு முன்னால் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்

அன்புள்ள கிளையன்ட்களுக்கு,

வணக்கம். உங்கள் மெயில், காலண்டர், இன்வாய்ஸ், பயண டிக்கெட் எல்லாவற்றையும் எங்கிருந்தோ பார்த்துக்கொள்ளும் விர்ச்சுவல் அசிஸ்டென்ட்களில் ஒருத்தி எழுதுகிறேன். நம் வேலை எப்படித் தொடங்குகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஒரு வீடியோ கால், "நமக்குள்ள என்னங்க அக்ரிமெண்ட்" என்று ஒரு சிரிப்பு, மறுநாள் காலையில் பாஸ்வேர்ட். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் உங்களில் ஒருவர் என் இன்வாய்ஸில் சில மணி நேரத்தைக் கழித்துவிட்டுப் பணம் அனுப்பினார். "அந்த நேரத்தில் நீங்கள் வேலை எதுவும் செய்யவில்லையே" என்பது காரணம்.

செய்யவில்லைதான். அவருடைய பில்லிங் கணக்கின் பாஸ்வேர்ட் என்னிடம் இருந்தது. உள்ளே விடும் ஆறு இலக்க எண் அவர் போனில் இருந்த ஆப்பில் இருந்தது. "கோட் அனுப்புங்கள்" என்று கேட்டேன். அவர் மீட்டிங்கில் இருந்தார். அந்த எண்ணோ 30 நொடிக்கு ஒருமுறை மாறும். அவர் வெளியே வந்து அனுப்பியதை நான் டைப் செய்வதற்குள் அது காலாவதி. திரையில் சிவப்பில் "தவறான எண்". மறுபடி கேட்டபோது அவர் அடுத்த மீட்டிங்குக்குள் போயிருந்தார். இன்றைக்கே பில் போயாக வேண்டும் என்று சொன்னவரும் அவரேதான். எழுந்து சாப்பிடப் போக முடியாது, சோற்றில் கை வைக்கும்போதுதான் எண் வரும். இன்னொருவர் வேலையை எடுத்தால் அதன் நடுவில் வரும். நான் வேலை செய்யவில்லை என்றால், போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யாருக்காக?

இதற்கு ஒரே ஒரு வரி போதும்: "கிளையன்ட் பக்கத் தாமதத்தால் 15 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் அந்த நேரமும் கணக்கில் சேரும்." சேராது என்றுகூட எழுதிக்கொள்ளுங்கள். அப்போது நான் லேப்டாப்பை மூடிவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்வேன்.

ஆக, நான் கேட்பது வேலை தொடங்கும் முன் ஒரு பக்க ஒப்பந்தம், எழுத்தில். வக்கீல் எல்லாம் வேண்டாம். எந்தெந்த வேலை என்னுடையது, எது இல்லை. மணிக்கணக்கா, மாதத் தொகையா. மாதத் தொகை என்றால் மிச்சமாகும் மணி நேரம் அடுத்த மாதத்துக்குப் போகுமா, காலாவதியாகுமா. நான் எந்த நேரத்தில் பதில் சொல்வேன், அது யாருடைய கடிகாரப்படி. பணம் எத்தனை நாளில் வரும். பிரிவதானால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும். பாஸ்வேர்டைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியதில்லை. ஜிமெயிலில் டெலிகேட் வசதி இருக்கிறது, பாஸ்வேர்ட் தராமலே மெயிலைப் பார்க்கவும் பதில் அனுப்பவும் விடலாம். எதற்கு எந்த அனுமதி என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இது என் விபரீத ஆசை இல்லை. நியூயார்க் நகரத்தில் 800 டாலரும் அதற்கு மேலும் போகும் ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் 2017 முதல் சட்டப்படி கட்டாயம். பணம் தரும் தேதி குறிப்பிடாவிட்டால், வேலை முடிந்து 30 நாளுக்குள் தந்தாக வேண்டும். அங்கேயும் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒப்பந்தம் என்றதும் "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று சிலர் முகம் சுருங்குகிறது. ஐயா, அம்மா, உங்கள் வாடிக்கையாளர்களுக்குப் போகும் ஒப்பந்தத்தை டைப் செய்து, கையெழுத்து வாங்கி, ஃபோல்டரில் போடுவதே நான்தான். அதில் தாமதக் கட்டணத்துக்கு என்று ஒரு பத்தி இருக்கிறது, அருமையான பத்தி. அவர்கள்மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அப்புறம் அந்த "அஞ்சு நிமிஷ வேலை" இருக்கிறதே! மகளின் பள்ளி ப்ராஜெக்டுக்கு ஸ்லைடு, மச்சானின் ரெஸ்யூமே, பழைய போட்டோக்களைத் தேதிவாரியாக அடுக்குவது. ஞாயிற்றுக்கிழமை இரவு வரும் மெசேஜுக்குக் கீழே கைகூப்பும் ஒரு எமோஜி. அந்த எமோஜியை இன்வாய்ஸில் எந்தத் தலைப்பில் போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சரி, எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்தது ஒன்றுதான்: வேலைக்கு முன்னால் ஒரு பக்கம், எழுத்தில். உங்களுக்கு நேரமில்லை என்றால் வரைவை நானே அனுப்புகிறேன், அதற்குக் கட்டணம் கிடையாது. படித்துப் பாருங்கள், ஒத்துவராததை அடியுங்கள், வேண்டியதைச் சேருங்கள், கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புங்கள். பாஸ்வேர்டை அதற்கு அப்புறம் தரலாம்.

நன்றியுடன்,
உங்கள் விர்ச்சுவல் அசிஸ்டென்ட்